ஷிட்சூவுக்கு நீள முடியா, பப்பி கட்டா, மொட்டையா?

மார்ச் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சென்னையில் ஷிட்சூ என்ற நீள முடி நாய் வளர்க்கிறவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும். முடியை அப்படியே விடலாமா, குட்டையாக வெட்டலாமா, ஒரேயடியாக மொட்டை அடித்துவிடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும், காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்புகிற வீட்டுக்கும், 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி வைக்கிற பப்பி கட்தான் நாய்க்குச் சுகம்.

இதைப் பேசுவதற்கு முன்னால் அந்த முடியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷிட்சூவின் முடி, நம் தலைமுடி மாதிரி, நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். பொமரேனியனுக்கு அப்படி இல்லை. ஓர் அளவுக்கு வந்ததும் நின்றுவிடும், பிறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும். "இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்க்கு மெஷின் போடக் கூடாது" என்று சொல்வார்களே, அது பொமரேனியனுக்கு மிகவும் பொருந்துகிற எச்சரிக்கை. மெஷின் போட்ட இடத்தில் மாதக்கணக்கில் முடி வராமலே போவதுண்டு. ஷிட்சூவுக்கும் உள்முடி, வெளிமுடி என்று இரண்டு அடுக்கு இருக்கிறது என்றாலும், வெட்டினால் பொதுவாகத் திரும்ப வளர்ந்துவிடும். அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

"முடி கொட்டாத நாய்" என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். உண்மையில் கொட்டுகிறது, கொஞ்சமாக. ஆனால் உதிர்ந்த முடி சோபாவில் விழாமல் நீள முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சிக்கு அங்கேதான் பிறக்கிறது.

நீள முடி

தரையைத் தொடுகிற முடியும் உச்சியில் கட்டிய குடுமியுமாக ஒரு ஷிட்சூ நடந்து வந்தால் யாருக்கும் கண் எடுக்கத் தோன்றாது. அந்த அழகுக்கு விலை, தினமும் குறைந்தது 20 நிமிடம். அதுவும் மேலாகச் சீவுகிற 20 நிமிடம் போதாது. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முடி முழுவதையும் ஒரு கையால் மேலே ஒதுக்கிப் பிடித்து, வயிற்றுப் பக்கத்திலிருந்து விரல் அகலத்துக்கு மட்டும் கீழே விட வேண்டும். தோல் கோடாகத் தெரிய வேண்டும். தண்ணீரில் துளி கண்டிஷனர் கலந்து லேசாகத் தெளித்து, நுனியில் தொடங்கி வேர்வரை சீவ வேண்டும். அது முடிந்ததும் அடுத்த விரல் அகலம். இப்படியே முதுகுவரை ஏற வேண்டும். காய்ந்த முடியை வெறுமனே இழுத்தால் அது ஒடியும்.

இந்தப் பொறுமை இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? முதுகு பளபளவென்று இருக்கும். முன்னங்கால் அக்குளில் விரலை விட்டால் கெட்டியாக ஒரு உருண்டை தட்டுப்படும். காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில், மார்புப்பட்டை உரசுகிற இடத்தில் எல்லாம் இதே கதைதான். நாய் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்த உருண்டை தோலை இழுக்கிறது. அடியில் காற்றுப் புகாமல் ஈரம் தங்கி, தோல் சிவந்து, நாற்றம் வருகிறது. உண்ணி ஒளிந்துகொள்ளவும் நல்ல இடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் நனைந்த கால்முடி முழுதாகக் காய்வதே பெரும்பாடு.

குட்டி வளர்க்கிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருங்கள். ஏறத்தாழ 10 முதல் 12 மாத வயதில் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். அந்தச் சில வாரங்களில் நேற்றுச் சீவிய இடத்திலேயே இன்று சிக்கு விழும். நீள முடி ஆசை பலருக்கு விட்டுப்போவது அப்போதுதான்.

மொட்டை

முடி வெட்டும் மெஷினில் 10-ஆம் எண் பிளேடு போட்டால் தோல்மேல் மிஞ்சுவது ஒன்றரை மில்லிமீட்டர் முடி. உடம்பு முழுக்கச் சிக்குக் கட்டிப்போன நாய்க்கு இதுதான் கருணை. மணிக்கணக்கில் இழுத்துச் சிக்கெடுப்பது சித்திரவதை. தோல் நோய்க்கு மருந்து போடவும் மருத்துவர் முடியை எடுக்கச் சொல்லலாம். அந்த நேரத்தில் அழகு பார்க்கக் கூடாது.

ஆனால் "குளுகுளுவென்று இருக்கும்" என்று ஆண்டுதோறும் கோடையில் மொட்டை அடிப்பதை நான் ஏற்கவில்லை. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துத் தணிவதில்லை. பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே விடுகிறது. ஷிட்சூவுக்கு மூக்குச் சப்பை, அதனால் அந்த வேலையே அதற்குச் சிரமம். முடியை வழித்தாலும் அந்தச் சிரமம் போகாது. வெயில் நேராகத் தோலில் படும், கொசுவுக்கு வசதியாகிவிடும், மெஷின் சூடேறி உரசிய இடத்தை நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கும். வெயிலுக்கு முன் நடைப்பயிற்சி, நிழல், தண்ணீர், மின்விசிறி, இவை மொட்டையைவிட அதிகம் உதவும்.

பப்பி கட்

உடம்பில் 2, 3 சென்டிமீட்டர் முடி, வட்டமான முகம், விருப்பப்பட்டால் காதிலும் வாலிலும் கொஞ்சம் நீளம். வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் சீவினால் போதும். உண்ணி ஏறினால் அன்றே கையில் தட்டுப்படும், குளித்தால் சீக்கிரம் காயும், தோலில் சிவப்பு தெரிந்தால் உடனே கவனிக்கலாம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், செலவு உண்டு. குட்டை முடி என்று சீப்பையே மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கு இதிலும் விழும்.

எந்த வெட்டாக இருந்தாலும் மூன்று இடங்களில் முடியை வளர விடாதீர்கள். ஒன்று, கண்ணோரம். ஷிட்சூவின் கண் பிதுங்கியது. முடி உரசிக்கொண்டே இருந்தால் கருவிழியில் புண் வரும். குடுமி கட்டுவதற்கும் இதுதான் காரணம். இன்னொன்று பாதத்தின் அடி. அங்கே முடி மண்டினால் டைல்ஸ் தரையில் நாய் வழுக்கும். மூன்றாவது ஆசனவாயைச் சுற்றி, அதற்கு விளக்கம் தேவையில்லை.

சீப்பும் ஷாம்பூவும்

கம்பிப் பிரஷ், குண்டூசி பிரஷ், முடி உருவும் பிளேடு என்று கடையில் வகைவகையாக இருக்கும். பிளேடு வேண்டவே வேண்டாம், நல்ல முடியையும் அறுத்துவிடும். குண்டூசி பிரஷ் நீள முடிக்கு மென்மை, கம்பிப் பிரஷ் பப்பி கட்டுக்கு நன்றாக வேலை செய்யும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள இரும்புச் சீப்பு வாங்குங்கள். பிரஷ் சிக்கின் மேலாக வழுக்கிப் போய்விடும், சீப்பு அங்கேயே நின்றுவிடும். வேர் முதல் நுனிவரை தடையில்லாமல் சீப்பு ஓடினால்தான் சீவி முடிந்தது என்று அர்த்தம். ஓடாவிட்டால் குளிப்பாட்டாதீர்கள், தண்ணீர் பட்ட சிக்கு இன்னும் இறுகும். கத்தரிக்கோலாலும் அவசரப்படாதீர்கள். சிக்கோடு தோலும் மேலே இழுத்துக்கொண்டு வரும், வெட்டுப்பட்ட பிறகுதான் தெரியும்.

நம் தோல் அமிலத் தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலைக்கு அருகில். அதனால் நாய்க்கென்று உள்ள ஷாம்பூவே நல்லது, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு குளியல். சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், இந்தப் பிதுங்கிய கண்ணுக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டும், மிச்சத்தை நாய் நக்கித் தீர்க்கும்.

வீட்டிலா, பார்லரிலா?

சீவுவதும் குளிப்பாட்டுவதும் வீட்டில், வெட்டுவது பழகியவர் கையில். இதுவே என் கணக்கு. வீட்டு வாசலுக்கே வந்து முடி வெட்டும் வேன் வண்டியில் காத்திருப்பும் மற்ற நாய்களின் குரைப்பும் இல்லை, பயந்த நாய்க்கு அது ஏற்றது. பார்லரில் செலவு பொதுவாகக் குறைவு. எங்கே போனாலும் கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்று விடுவார்களா என்று கேளுங்கள். சப்பை மூக்கு நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. "ஆமாம்" என்றால் நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கையில் பிடித்து, மிதமான காற்றில் காயவைக்கிறவராக இருந்தால், "ஷார்ட்டா வெட்டுங்க" என்று மட்டும் சொல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்ச வேண்டும் என்பதை விரலால் காட்டிச் சொல்லுங்கள். ஷார்ட் என்பதைப் பலர் மொட்டை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.