சிக்னல் எட்டாத வீட்டிலிருந்து இணைய வங்கி: டோக்கனும் கார்டு ரீடரும், ஆறு ஆண்டு அனுபவம்

நான் ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்வதில்லை. என்னிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் வீட்டுக்குள் சிக்னல் எட்டுவதில்லை. கம்பிவழி இணைய இணைப்பும் ஒரு கணினியும் இருப்பதால் வங்கி வேலைகளை நாற்காலியை விட்டு எழாமலே முடித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பிறகும், கைபேசிக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணை உள்ளிடச் சொல்லித் திரை காத்து நின்றபோதுதான், வங்கி என்னைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு என் வீட்டின் சிக்னல் வசதியைச் சோதிக்கிறது என்பது புரிந்தது. அதற்குப் பிறகான ஆறு ஆண்டுகளில், இரண்டு வங்கிகளில், கிடைத்த மாற்று வழிகளையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

முதல் ஓராண்டு எஸ்எம்எஸ் ஓடிபியோடுதான் மல்லுக்கட்டினேன். மாடியின் ஒரு மூலையில் மட்டும் ஒற்றைக் கோடு சிக்னல் கிடைக்கும். கீழே கணினியில் பணம் அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டுப் படியேறி, போனைத் தலைக்கு மேல் பிடித்துக் காத்திருந்து, வந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு இறங்கி வந்தால், ஒன்று எண்ணின் ஆயுள் முடிந்திருக்கும், அல்லது பாதுகாப்பு கருதித் திரை என்னை வெளியேற்றியிருக்கும். தாமதமானால் மறுபடி அனுப்பச் சொல்லலாமே என்பார்கள். அதில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டாவது எண் உருவான கணத்திலேயே முதல் எண் செல்லாததாகிவிடும், ஆனால் மாடியில் முதலில் வந்து சேர்வது பழைய எண்தான். ஒருமுறை சிக்னல் முழுதாக இருந்தும் எதுவுமே வரவில்லை; போனில் குறுஞ்செய்திப் பெட்டி நிரம்பிவிட்டிருந்தது, பழைய விளம்பரங்களை அழித்த பிறகே ஐந்து ஓடிபிகள் வரிசையாக வந்து விழுந்தன.

எஸ்எம்எஸ் என்பது இடையில் ஓரிடத்தில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பப்படும் சேவை. இத்தனை நொடிக்குள் சேர்ப்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. பாதுகாப்பிலும் அது முதல் வரிசையில் இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொலைபேசி வலையமைப்பின் வழியே எண் அனுப்பும் முறையைக் கட்டுப்பாடுகளோடு பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறையின் ஓட்டையைப் பயன்படுத்தி, வாடிக்கையாளர்களின் வங்கிக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பிப் பணம் எடுத்த சம்பவம் வெளியே வந்தது. நம் எண்ணுக்கான சிம் கார்டை வேறொருவர் நம் பெயரைச் சொல்லி வாங்கிவிடும் மோசடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவா மாடிப்படி ஏறினேன் என்று தோன்றியது உண்மை.

தரைவழித் தொலைபேசிக்கு இயந்திரக் குரலில் எண்ணைச் சொல்லும் வசதி ஒரு வங்கியில் இருந்தது. நன்றாகவே வேலை செய்தது. ஒரே குறை, இப்போதைய தரைவழி இணைப்புகள் பலவும் இணையப் பெட்டியின் வழியே ஓடுவதால், மின்சாரம் போனால் தொலைபேசியும் போய்விடுகிறது.

இரண்டாம் ஆண்டில் முதல் வங்கியிடம் டோக்கன், அதாவது ஓடிபியைத் தானே உருவாக்கிக் காட்டும் கருவி, கேட்டு வாங்கினேன். கட்டைவிரல் நீளம், ஒரு பட்டன், ஆறு இலக்கங்கள் தெரியும் சிறு திரை, அவ்வளவுதான். இதற்கு சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கருவிக்குள்ளும் வங்கியின் கணினியிலும் ஒரே ரகசியத் திறவுகோல் இருக்கிறது. இரண்டும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்து ஒரே கணக்கைத் தனித்தனியே போடுகின்றன, விடை ஒன்றாக வருகிறது. என்னுடையதில் முப்பது நொடிக்கு ஒருமுறை எண் மாறும். பணம் அனுப்ப உட்கார்ந்து எழ இப்போது இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. இத்தனை ஆண்டுகளில் கருவி என்னைக் கைவிட்டது ஒரே ஒருமுறைதான்.

அந்த ஒருமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கருவியின் கடிகாரம் சாதாரணக் கைக்கடிகாரத்தைப் போலவே மாதத்துக்குச் சில நொடிகள் முந்தவோ பிந்தவோ செய்யும். அடிக்கடி பயன்படுத்தினால் வங்கியின் கணினி அந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். நான் பல மாதங்கள் தொடாமல் விட்டிருந்ததில் இடைவெளி கூடிப்போய், சரியான எண்ணையே தவறென்று திரை சொன்னது. அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைக் கொடுத்தால் வங்கி ஒத்திசைத்துவிடும். ஒரு நிமிட வேலை. அதற்காகத் தரைவழித் தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன்.

"உங்க மொபைலுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கோம் சார், அதைச் சொல்லுங்க."

"மொபைல்ல சிக்னல் இல்லாததாலதான் உங்ககிட்ட டோக்கனே வாங்கினேன்."

"அப்படின்னா ஆப்ல அப்ரூவ் பண்ணிடுங்க சார்."

அவர் மீது குற்றமில்லை; அவருடைய திரையில் இருந்தவை அந்த இரண்டு வழிகள்தாம். முடிவில் அடையாள ஆவணங்களோடு கிளைக்கு நேரில் போய்த்தான் சரிசெய்துகொண்டேன். என் ஆறு ஆண்டுக் குறையெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. போன் இல்லாமல் இயங்கும் கருவியைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதைப் பதிவு செய்ய, ஒத்திசைக்க, தொலைந்தால் முடக்க, புதியதைச் செயல்படுத்த என்று அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு நடைமுறையையும் போன் இருப்பவருக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வங்கி கொடுத்தது கார்டு ரீடர். பார்ப்பதற்குச் சிறு கால்குலேட்டர் போலிருக்கும். டெபிட் கார்டின் சிப் உள்ளே போகும்படி செருகி, கார்டின் பின் (PIN) எண்ணை அழுத்தினால் எட்டு இலக்க எண் ஒன்று வரும். ரகசியத் திறவுகோல் இருப்பது கார்டின் சிப்பில். என்னுடைய ரீடர் வெறும் விசைப்பலகையும் திரையும்தான். ஒருமுறை பேட்டரி தீர்ந்தபோது, அதே வங்கியில் கணக்குள்ள உறவினரின் ரீடரில் என் கார்டைச் செருகி வேலையை முடித்தேன், எந்தச் சிக்கலும் இல்லை. பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் சிப் பூட்டிக்கொள்ளும், ஆகவே அரைத்தூக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இதை நான் டோக்கனுக்கு மேலாக வைப்பதற்குக் காரணம் வேறு. டோக்கனின் எண் நான் யார் என்பதை மட்டுமே சொல்கிறது, யாருக்கு எவ்வளவு அனுப்புகிறேன் என்பதைச் சொல்வதில்லை. போலி வங்கிப் பக்கம் ஒன்றில் ஏமாந்து அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், மோசடிக்காரர் அதே முப்பது நொடிக்குள் உண்மையான பக்கத்தில் அதைப் போட்டுவிட முடியும். ரீடரிலோ, புதியவருக்குப் பணம் அனுப்பும்போது அவருடைய கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும் தொகையையும் நானே அழுத்த வேண்டும். கிடைக்கும் எண் அந்தக் கணக்குக்கும் அந்தத் தொகைக்கும் மட்டுமே செல்லும். இங்கே ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன்: அந்த இலக்கங்களைக் கணினித் திரையைப் பார்த்து அழுத்துவதில்லை, பெறுபவர் தந்த தாளைப் பார்த்தே அழுத்துகிறேன். கணினியில் நச்சு நிரல் புகுந்து திரையில் தெரியும் கணக்கு எண்ணை மாற்றியிருந்தாலும், தாளில் இருக்கும் எண்ணை அதனால் மாற்ற முடியாது. சோதனைக்காக என்று சொல்லித் தொலைபேசியில் ஒருவர் எண்களை ரீடரில் அழுத்தச் சொன்னால், இணைப்பைத் துண்டித்துவிட வேண்டியதுதான்.

இணையக் கடைகளில் கார்டால் வாங்குவது மட்டும் இன்னும் தீராத தலைவலி. வங்கியின் சொந்தப் பக்கத்தில் ரீடரை ஏற்கும் அதே வங்கி, கடையின் பக்கத்திலிருந்து திறக்கும் சரிபார்ப்புப் பெட்டியில் எஸ்எம்எஸ் அல்லது ஆப் என்ற இரண்டையே காட்டுகிறது. இதற்குச் சட்டம் காரணமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த இணையப் பணப்பரிமாற்ற விதிகள்கூட, தெரிந்த ஒன்று (கடவுச்சொல் போல), கையில் உள்ள ஒன்று (கருவி போல), உடலோடு உள்ள ஒன்று (கைரேகை போல) ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்கின்றன. கையில் உள்ளது கைபேசியாகவே இருக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை.

கருவிகள் குறையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். டோக்கன் உற்பத்தியில் பேர்பெற்ற ஆர்எஸ்ஏ நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2011-ல் ஊடுருவல் நடந்து, உலகெங்கும் ஏராளமான டோக்கன்களை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. என் டோக்கனின் பேட்டரியை மாற்ற வழியில்லை, மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. ரீடரில் காசு வடிவ பேட்டரிகளை நானே மாற்றிக்கொள்கிறேன். இரண்டிலும் திரை சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கிறது. பார்வை குறைந்தவர்களுக்காகப் பெரிய விசைகளோடு எண்களை வாய்விட்டுச் சொல்லும் ரீடர்களும் உண்டு, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.

டோக்கனின் திரை கடந்த சில மாதங்களாக ஒரு பக்கம் வெளுத்து வந்தது; எட்டா, மூன்றா என்று சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கடிதம் எழுதிக் கேட்டேன், புதியது அஞ்சலில் வந்து சேர்ந்தது. உறைக்குள் ஒரு தாள் இருந்தது: கருவியைச் செயல்படுத்த, பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபியை இணையதளத்தில் உள்ளிடவும். பேனாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.