வாக்கெடுப்பில் எழுதப்பட்ட தீர்ப்பு: ஓர் உடனடிச் செய்திச் செயலியைப் பற்றிய மதிப்புரை

ரயில் பயணத் தகவலையும் உடனடிச் செய்தியையும் சேர்த்துத் தரும் ஒரு கைபேசிச் செயலியை மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். இதே வார்ப்பில் வேறு பல செயலிகளும் இருப்பதால் அதன் பெயர் இங்கே தேவைப்படாது. அண்மையில் ரயில்வே கேட் ஒன்றில் பயணிகள் ரயில் லாரியின் மீது மோதியதைத் தொடர்ந்து, நான்கு நாட்கள் அந்தச் செயலியை விடாமல் பார்த்துவந்ததில் எழுந்த மதிப்பீடு இது.

பயணத் தகவலைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே அறிவிப்பு வந்தது. நிறுத்தப்பட்ட ரயில்கள், மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்பட்டவை, உறவினர்கள் அழைக்க வேண்டிய உதவி எண் ஆகிய அனைத்தும் பிழையின்றி இருந்தன.

கோளாறு செய்திப் பக்கத்தில்தான். முதல் தலைப்பு, "கேட் திறந்திருந்ததா?" என்று வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "லாரி ஓட்டுநர் தூங்கிவிட்டாரா?" என்று மாறியது. மாலையில், "ரயிலில் பிரேக் பிடிக்கவில்லையா?" என்றானது. மூன்றுக்கும் அடியில் இருந்த செய்தியில் விடை எதுவும் இல்லை. சம்பவ இடத்துக்கு வெளியே நின்ற இருவரின் பேச்சு மட்டுமே இருந்தது. 'ஆ' என்ற வினா எழுத்தைக் கடைசியில் ஒட்டிவிட்டால் எந்தப் பழியையும் கேள்வியாக்கிவிடலாம், பொறுப்பும் தம்மைச் சேராது என்று ஆசிரியர் குழு நம்புகிறது போலும். ஆனால் அந்த எழுத்து வெகுதூரம் பயணிப்பதில்லை. என் மைத்துனர் இரண்டாவது தலைப்பைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தபோது, "லாரி ஓட்டுநர் தூங்கிவிட்டாராம்" என்றே எழுதியிருந்தார்.

அடுத்து, படங்களை ஆராயும் பகுதி. கேட்டின் தடுப்புக்கம்பு செங்குத்தாக நிற்கும் ஒரு படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இதுவே சான்று என்னும் தொனியில் வெளியிட்டிருந்தார்கள். அதே படத்தின் இடது மூலையில் ஆம்புலன்ஸ் ஒன்று நிற்கிறது. அப்படியானால் படம் எடுக்கப்பட்டது மோதலுக்குப் பிறகு. மீட்பு வண்டிகள் உள்ளே வருவதற்காகவே கம்பைத் தூக்கியிருக்கலாம் என்ற எண்ணம், அந்த வட்டத்தை வரைந்தவருக்கு வரவில்லை. மோதும் நொடியில் கேட் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சிக்னல் அமைப்பின் பதிவுக் கருவி இருந்தால் அதுவும், ரயிலின் வேகம், பிரேக், ஒலிப்பான் ஆகியவற்றை எஞ்சினின் பதிவுக் கருவியும்தான் சொல்ல வேண்டும்.

பிரேக் பற்றிய "சிறப்பு அலசல்" இன்னும் மோசம். முன்னூறு மீட்டருக்கு முன்பே லாரி கண்ணில் பட்டிருக்குமே, ஏன் நிறுத்தவில்லை என்று அது கேட்டது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பு, தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பயணிகள் ரயில், அவசரப் பிரேக் போட்டாலும், எடையைப் பொறுத்துப் பல நூறு மீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை ஓடித்தான் நிற்கும். அலசியவர் மனதில் கார் கணக்கு இருந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது வாக்கெடுப்பு. "யார் தவறு?" என்ற கேள்வியின் கீழே லாரி ஓட்டுநர், ரயில் ஓட்டுநர், கேட் ஊழியர், நிர்வாகம் என்று நான்கு பொத்தான்கள். "இன்னும் தெரியாது" என்று ஐந்தாவது பொத்தான் இல்லை. தேர்தல் எண்ணிக்கையைப் போலப் பட்டைகள் ஏறி இறங்க, லாரி ஓட்டுநர் முன்னிலை வகித்தார். அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே அப்போது அந்தச் செயலியில் வரவில்லை.

இத்தகைய விபத்துகளின் விடை எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கெராங் அருகே 2007 ஜூன் 5 அன்று லாரி ஒன்று ரயிலின் பக்கவாட்டில் மோதியதில் 11 பேர் இறந்தனர். லாரி ஓட்டுநர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2009-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சாலை தண்டவாளத்தைக் கடக்கும் அந்தச் சந்திப்பில் எச்சரிக்கை விளக்குகள் இருந்தன, தடுப்புக்கம்புகள் இல்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மென்டன் அருகே 2022 ஜூன் 27 அன்று டிப்பர் லாரி மீது ரயில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஓராண்டுக்கு மேல் விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், லாரி ஓட்டுநர் நிற்காமல் சென்றதன் காரணம் தெரியவில்லை என்றே பதிவு செய்தது. ரயில் வருவதைப் பார்ப்பதைக் கடினமாக்கிய சந்திப்பின் அமைப்பையும் காரணத்தில் சேர்த்தது. இச்செயலியின் வாக்கெடுப்போ மோதல் நடந்த அன்றைக்கே திறக்கப்பட்டுவிட்டது.

நான்காம் நாள் விசாரணை அதிகாரிகள் ஒரே ஒரு தகவலை வெளியிட்டனர்: மோதலுக்கு முன்பே லாரி தண்டவாளத்தின் மேல் அசையாமல் நின்றிருந்தது, நின்றதன் காரணம் ஆராயப்படுகிறது. நீளமான, தாழ்ந்த டிரெய்லர்கள் தண்டவாள மேட்டில் அடிப்பாகம் தட்டி நின்றுவிடுவது தெரிந்த ஆபத்துதான். இதை எழுதும்போதே நானும் ஊகிக்கத் தொடங்கிவிட்டதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். செயலி அந்தத் தகவலைப் புதிய தலைப்பாகப் போட்டது. பழைய மூன்று தலைப்புகளும் திருத்தக் குறிப்பு ஏதுமின்றி அப்படியே இருக்கின்றன. சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்கு, என் கருத்து மதிப்புமிக்கது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். இரண்டும் பயணத் தகவலுக்கு. அமைப்புகள் பகுதியில் "ரயில் ரத்து, தாமதம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, செய்தி அறிவிப்பு முழுவதையும் அணைத்துவிட முடிகிறது, அணைத்துவிட்டேன். வாக்கெடுப்பு மட்டும் இன்னும் மூடப்படவில்லை. நேற்று பார்த்தபோது லாரி ஓட்டுநரின் பட்டை மேலும் சற்று நீண்டிருந்தது.