வேர்ட்பிரஸ் டேஷ்போர்டோடு சில வருடங்கள்

இணையதளம் கட்டி நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸைக் கற்றுத்தரும் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. இதோ நிறுவினோம், இதோ தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) போட்டோம், தளம் தயார் என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் வருடக்கணக்கில் அதே திரையின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பது வேறு கதை. ஒரு சிற்றிதழின் தளத்தை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். வாடகை ஹோஸ்டிங்கில், அதாவது வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில், நாமே நிறுவி நடத்தும் வகை. என்னைக் கேட்டால், டேஷ்போர்டு என்ற இந்த நிர்வாகத் திரை நன்றாக உழைக்கும். ஆனால் அதன் தொடக்க அமைப்புகளைப் போட்டவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். தமிழில் தளம் நடத்துகிறவர் முதல் நாளே சிலவற்றை மாற்றிவிடுவது நல்லது.

புதிதாக வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் தீம் மாற்றத்தான் ஓடுவார்கள். நான் சொல்வது, இடப்பக்க மெனுவில் கீழே இருக்கும் செட்டிங்ஸில் தொடங்குங்கள். அதிலும் முதலில் பெர்மாலிங்க்.

பதிவின் முகவரி எப்படி அமைய வேண்டும் என்பதை இங்கேதான் தீர்மானிக்கிறோம். பதிவின் தலைப்பே முகவரியாக வரும் அமைப்பைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக், தரவுத்தளத்தில் 200 எழுத்துக்கு மேல் போக முடியாது. ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும் கொம்பும் துணைக்காலும், சதவீதக் குறிகளாக மாறி ஒன்பது ஒன்பது இடம் பிடிக்கும். கணக்குப் போட்டால் 22 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். ‘தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் அறுவடை தொடங்கியது’ என்று தலைப்பு வைத்தால், முகவரி ‘தஞ்சாவூர்-மாவட்டத்தில்-ந’ என்று நின்றுபோகும். நெல்லில் கொம்பு போய், புள்ளி வைத்த ல் போய், மொட்டையாக ஒரு ந மட்டும் மிஞ்சும். அடுத்த வாரம் அதே மாவட்டத்தின் நெல் கொள்முதல் பற்றி எழுதினால், இரண்டுக்கும் ஒரே முகவரி வருமே என்று வேர்ட்பிரஸ் வாலில் 2 என்று ஒட்டிவிடும். போதாக்குறைக்கு, இந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல சமயம் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகளாக விரியும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடமாட்டார்.

இதற்கு நான் கைக்கொண்ட வழி எளியது. ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டையில் ஸ்லக்கைத் திறந்து, இரண்டு மூன்று சொல்லில் ஆங்கில எழுத்தில் நானே தட்டிவிடுவேன். தலைப்பை ஆங்கில எழுத்துக்குத் தானாக ஒலிபெயர்த்துத் தரும் ப்ளகின்கள் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள்) உண்டு. அவை தரும் எழுத்துக்கூட்டலைப் படித்துவிட்டு மறுபடி கையாலேயே அடிக்கத் தொடங்கினேன். பகுப்புகளுக்கும் குறிச்சொற்களுக்கும் இதே வேலை உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நேரம். ஆங்கிலத்தில் நிறுவினால் நேர மண்டலம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில்தான் இருக்கும். காலை 6 மணிக்கு வரச் சொன்ன பதிவு நம் கடிகாரத்தில் 11.30க்கு வரும். பட்டியலில் சென்னையைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஆசியாவின் கீழ் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலங்கை நண்பர்களுக்குக் கொழும்பு இருக்கிறது.

இதைச் சரிசெய்த பிறகும் சில நாள் பதிவு தாமதமாக வரும். வேர்ட்பிரஸுக்குள் இருக்கும் கடிகாரம் தானாக ஓடுவதில்லை. யாராவது தளத்தைத் திறந்தால்தான் அது விழித்துப் பார்க்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள செய்தித் தளத்தில் இது தெரியவே தெரியாது. எங்களைப் போல விடியற்காலையில் ஈ எறும்பு வராத தளத்தில், 6 மணிப் பதிவு முதல் வாசகர் எட்டிப் பார்க்கும்வரை காத்துக் கிடக்கும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தில் கிரான் ஜாப் என்று ஒன்று இருக்கும். அதில் குறிப்பிட்ட இடைவெளியில் இந்தக் கடிகாரத்தைத் தட்டி எழுப்பச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

செட்டிங்ஸின் ரீடிங் பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. தளம் கட்டிக்கொண்டிருக்கும்போது அதில் டிக் போட்டு வைப்பார்கள். திறந்துவைத்த பிறகு எடுக்க மறப்பார்கள். ‘கூகுளில் எங்கள் தளமே வரமாட்டேன் என்கிறது’ என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

மீடியா பக்கம் வெறுமையாகத் தெரியும். படங்களுக்கான மூன்று அளவுகள் மட்டும் இருக்கும்: 150, 300, 1024 பிக்சல். திரைக்குப் பின்னால் 768, 1536, 2048 என்று இன்னும் மூன்று உண்டு; ஏற்றும் படத்தை இந்த ஒவ்வொரு அளவிலும் பிரதி எடுத்துக்கொள்ளும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலைத் தாண்டும் படத்தைச் சுருக்கித் தனியாக ஒரு பிரதியும் வைத்துக்கொள்கிறது. ஆகப் போனில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் ஏழெட்டுக் கோப்புகளாகப் பெருகிவிடும். மலிவான ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால் இதைக் கவனிக்காமல் விட முடியாது. ஏற்றும் முன்பே படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

பயனர் உரிமைகளில் ஐந்து படிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு, எழுதி ஆசிரியர் பார்வைக்கு அனுப்ப மட்டும் முடிகிற கான்ட்ரிபியூட்டர் படி போதும் என்று தோன்றும். எங்களுக்குப் பயணக் கட்டுரை எழுதும் பெரியவர் ஒருவர் போன் செய்தார். “தம்பி, படம் ஏத்துற பட்டனையே காணோமே. என் கம்ப்யூட்டர்லதான் கோளாறா?” கோளாறு எதுவும் இல்லை. கான்ட்ரிபியூட்டருக்குப் படம் ஏற்றும் உரிமை கிடையாது. வெளியான பிறகு தன் கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட அவர் திருத்த முடியாது. அடுத்த படியான ஆத்தர் ஆக்கினால் இரண்டும் செய்யலாம், ஆனால் ஆசிரியர் பார்க்காமலே வெளியிட்டும் விடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. உரிமைகளை மாற்றித் தரும் ப்ளகின் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறோம்.

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு கூட்டன்பர்க் எடிட்டர் வந்தது. பத்தி, படம், தலைப்பு எல்லாம் தனித்தனி பிளாக் ஆயின. அன்றைக்குத் திட்டாத ஆள் இல்லை. கிளாசிக் எடிட்டர் ப்ளகினைப் போட்டுப் பழைய எடிட்டருக்கே போய்விட்டவர்கள் ஏராளம். எனக்குக் கட்டுரை விஷயத்தில் பெரிய தொந்தரவு இல்லை; கவிதையில்தான் மாட்டிக்கொண்டது. வேர்டில் ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டி அனுப்பிய கவிதையை அப்படியே ஒட்டினால், வரிக்கு ஒரு பத்தி பிளாக் வரும். வரிகளுக்கு நடுவில் ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு இடைவெளி. இதற்கென்றே வெர்ஸ் என்று ஒரு பிளாக் வைத்திருக்கிறார்கள். முதலில் அதைச் சேர்த்து, அதற்குள் கவிதையை ஒட்டினால் வரிகளும் வரித் தொடக்கத்து இடைவெளிகளும் அப்படியே நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பப்படும் கவிதைகளை, இணையத்தின் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவது எந்த பிளாக்காலும் தீராத தனித் துயரம். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

2022 ஜனவரியில் 5.9 வந்தபோது இன்னொரு குழப்பம் சேர்ந்தது. தளம் முழுவதையும் பிளாக்குகளாலேயே அமைக்கும் பிளாக் தீம் போட்டால், அப்பியரன்ஸ் மெனுவின் கீழ் வழக்கமாக இருக்கும் விட்ஜெட், மெனு, கஸ்டமைஸ் மூன்றும் மறைந்து, எடிட்டர் என்ற ஒன்று நிற்கும். பழைய வீடியோவைப் பார்த்துக் கற்கிறவர்கள் ‘என் டேஷ்போர்டில் அது இல்லையே’ என்று தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். நாங்கள் பழைய வகைத் தீமிலேயே இருக்கிறோம். வாரம் இரண்டு பதிவு போடும் தளத்துக்கு, தலைப்புப் பட்டையைத் தினமும் இழுத்து நகர்த்தும் வசதி எதற்கு?

ப்ளகின்களின் தொல்லையும் உண்டு. இலவசமாக ஒன்றை நிறுவினால், டேஷ்போர்டின் மேலே அதன் விளம்பரப் பட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். தள்ளுபடி விற்பனை, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், புதிய பதிப்புக்கு மாறுங்கள். சில மாதத்தில் நம் தளத்துக்குள் நாமே விருந்தாளி மாதிரி நிற்போம். மேல் வலது மூலையில் ஸ்க்ரீன் ஆப்ஷன்ஸ் என்று சிறியதாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் திறந்து வேண்டாத பெட்டிகளின் டிக்கை எடுத்துவிட்டால் முகப்பு சுத்தமாகும். அந்த விளம்பரப் பட்டைகள் மட்டும் இதற்கும் அசையாது. தொல்லை தாங்காத ப்ளகினைத் தூக்கிவிடுவேன்.

கடைசியாக, பலர் கண்டுகொள்ளாத ஒன்று: ஜெனரல் பக்கத்தில் இருக்கும் நிர்வாகி மின்னஞ்சல். ஏதாவது ஒரு ப்ளகின் தளத்தையே சாய்த்துவிட்டால், 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அந்த முகவரிக்கு ஒரு இணைப்பு அனுப்புகிறது. அதன் வழியாக உள்ளே போய்ப் பழுதான ப்ளகினை மட்டும் நிறுத்திவிடலாம். தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனவரின் முகவரியே அங்கே இன்னும் இருக்கும் தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் யாருடையது இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.