டிசியா, டிசிசியா? வீட்டு மாடல் ரயில் தளத்துக்கு எது பொருந்தும்?

ஹெச்ஓ என்ற மாடல் ரயில் அளவில் (தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) ஒரே வண்டியை வட்டமாக ஓடவிட சாதாரண டிசியே (நேர்மின்சாரம்) போதும். இரண்டு ஒயர், 12 வோல்ட் கன்ட்ரோலர். வோல்டேஜைக் கூட்டினால் வேகம். பிளஸ், மைனஸை மாற்றினால் திசை மாறும். இரண்டாவது இன்ஜினை வைக்கும்போதுதான் வம்பு: இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்றை நிறுத்திவைக்க தண்டவாளத்தை வெட்டி, பிளாஸ்டிக் ஜாயினர் மாட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

டிசிசியில் (டிஜிட்டல் கட்டளை முறை) தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம் இருக்கும், சுமார் 15 வோல்ட். இன்ஜினுக்குள் உள்ள டிகோடர் என்ற சிறு சர்க்யூட் தன் முகவரிக்கு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும். புது டிகோடரின் முகவரி 3. சிவி 1-இல் (சிவி என்பது டிகோடரில் மாற்றக்கூடிய அமைப்பு) அதை மாற்ற மறந்தால் இங்கேயும் இரண்டும் கைகோத்துக் கிளம்பும்! உண்மையான ருசி சிவி 3-இல். அதன் மதிப்பை ஏற்றினால் சரக்கு வண்டி பாரம் இழுப்பதுபோல் மெல்ல மெல்ல வேகமெடுக்கும்.

தண்டவாள அழுக்கை டிசி ஓரளவு பொறுக்கும். வண்டி திக்கித் திக்கிப் போகும். டிசிசியில் ஒலி டிகோடர் இடையில் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள்.

பழைய இன்ஜினுக்கு டிகோடர் போடுமுன் மோட்டார் பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் துண்டு) சேசிஸை, அதாவது இன்ஜினின் உலோக அடிச்சட்டத்தை, தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தொட்டால் டிகோடர் புகைந்துவிடும். அப்படிப்பட்ட இன்ஜின்களே அதிகம் என்றால் டிசியிலேயே இருக்கலாம்.