ஒன்பது ஆண்டுகளாக ஒரு பழைய யூனிசா: வீட்டுப் பட்டறை அனுபவம்

மூடப்பட்ட ஒரு பள்ளியின் தச்சுக்கூடத்துப் பொருள்களை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விற்றபோது, 350 டாலர் கொடுத்து ஒரு டெல்டா யூனிசா மேசை ரம்பத்தை வாங்கி, மிச்சிகனில் உள்ள என் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். 10 அங்குல பிளேடும் கனத்த வார்ப்பிரும்பு மேசையும் அடியில் இரும்புப் பெட்டியுமாக ஏறத்தாழ 200 கிலோ எடை. மில்வாக்கியில் 1919-இல் தொடங்கிய டெல்டா நிறுவனம் யூனிசாவை 1939-இல் அறிமுகப்படுத்தியது. சாய்வாக அறுக்க மேசையைச் சாய்க்காமல், பிளேடு பூட்டிய தண்டையே சாய்க்கும் அமைப்புதான் அதன் சிறப்பு. 1945-இல் ராக்வெல் நிறுவனம் டெல்டாவை வாங்கியது. என் ரம்பத்தின் பெயர்ப்பலகையில் இரு பெயர்களும் இருப்பதால், அது அதற்குப் பின் வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பது என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயின்ட். நான் அதைக் கடைசிவரை தொடவில்லை. அக்காலப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. முதலில் கவனிக்க வேண்டியவை பேரிங்குகள். பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுழற்றியபோது, மணல் அரைபடுவது போன்ற நெருடல் விரல்நுனியில் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாக இறுகிப் போயிருந்தது. புதிய பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாக இறங்கி, அவை ஓடும் பாதையில் குழி விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே இரையத் தொடங்கிவிடும். எனவே உள்வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி வைத்து, வைஸில் மெல்ல நெருக்கி ஏற்றினேன். அந்தப் பேரிங்குகள் இன்றுவரை சத்தமில்லாமல் ஓடுகின்றன.

துருப்பிடித்த சிறு பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைப் பாகத்திலும் பாசிட்டிவ் முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் இணைத்தேன். ஓர் இரவில் சிவந்த துரு கரிய பொடியாகி, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. இதில் ஹைட்ரஜன் வாயு வெளியாவதால் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகைத் தகடாக வைத்தால் குரோமிய நச்சு நீரில் கலக்கும். அதை அறவே தவிர்க்க வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்த ரம்பம் என்பதால் மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடுவது. அதை மாற்றாமல், வீட்டின் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தை மூன்று ஃபேஸாக்கித் தரும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தினேன். மோட்டார் மெதுவாக வேகமெடுக்கிறது, அணைத்ததும் பிளேடு விரைவில் நிற்கிறது. ஆனால் பிரேக்கைக் கடுமையாக வைத்தால் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு தளரக்கூடும் என்பதால், ஆறு நொடியில் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். மின்தடைக்குப் பின் ரம்பம் தானாக ஓடத் தொடங்காதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம். பல பழைய ஸ்விட்சுகளில் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

அறுப்பின் தரம், பிளேடும் மேசையில் உள்ள மைட்டர் பள்ளமும் (குறுக்கு அறுப்பு வழிகாட்டி நகரும் நீளப் பள்ளம்) ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்தான் இருக்கிறது. யூனிசாவில் தண்டும் சாய்க்கும் அமைப்பும் மேசையில் தொங்காமல் பெட்டியில் பூட்டப்பட்டிருப்பதால், மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையை மட்டும் நகர்த்தினால் போதும். பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அதே பல்லை முன்பக்கமும் பின்பக்கமும் வைத்து நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜில் பள்ளத்திலிருந்து அளந்தேன். தொடக்கத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு விலகல் இருந்தது. ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி 2 பங்குக்குக் கொண்டுவர ஒரு முழு மாலை ஆனது. அதன்பின் கடினமான மேப்பிள் பலகையில்கூடக் கருகிய தடம் இல்லாமல் அறுக்க முடிந்தது. கனத்த மேசை அந்த அமைப்பை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கிறேன், இரண்டு முறைதான் திருத்த வேண்டியிருந்தது.

நாள்பட்ட பயன்பாட்டில் பெரிய தொல்லை மரத்தூள். அது பெட்டிக்குள் குவிந்து, உயர்த்தவும் சாய்க்கவும் உள்ள பற்சக்கரங்களில் அப்பிக்கொள்கிறது. கிரீஸ் தடவினால் தூள் அதில் குழைந்து கெட்டியாகிவிடும். உலர்ந்த மெழுகுதான் ஏற்றது. மிச்சிகன் பனிக்காலத்தில் ஒரே நிலையில் கிடக்கும் மூன்று பெல்ட்டுகளும் வளைந்தபடியே இறுகிவிடுவதால், காலையில் முதல் சில நிமிடங்கள் ரம்பம் அதிர்கிறது. வசந்த காலத் தொடக்கத்தில் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பில் பட்டு மேசை முழுவதும் வியர்த்துவிடும். ஒரே இரவில் துரு பூக்கும். மெழுகு பூசி, மேலே ஒரு பழைய பருத்திப் போர்வையைப் போட்டு வைக்கிறேன்.

பாதுகாப்பில் மட்டும் பழமையை நம்பக் கூடாது. இன்றைய ரம்பங்களில், அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் பிரித்துப் பிடிக்க, பிளேடுக்குப் பின்னால் அதனுடனேயே ஏறி இறங்கும் பிரிப்புக் கத்தி உண்டு. அக்காலத்து அமெரிக்க ரம்பங்களில் அது கிடையாது. மூன்றாம் ஆண்டில், பிரிப்பான் எதுவும் வைக்காமல் ஒரு சிவப்பு ஓக் பலகையை நீளவாக்கில் அறுத்தேன். உள்ளிறுக்கம் விடுபட்டு அறுத்த வாய் மூடிக்கொள்ள, பின்பக்கப் பற்கள் கட்டையைக் கவ்வி என் இடுப்பை நோக்கி வீசின. இரண்டு வாரம் கன்றிப்போன வலி. முழுக்க என் தவறு. அன்றே பிளேடை ஒட்டி வரும் மேசைத் தட்டில் கெட்டியான மரத்தால் ஒரு பிரிப்பானைப் பதித்தேன். அதன்பின் அது இல்லாமல் நீளவாக்கில் ஒரு முறைகூட அறுத்ததில்லை.

வாங்க நினைப்பவர்கள் பளபளப்பைப் பார்க்காமல், டார்ச்சுடன் பெட்டிக்குள் தலையை நுழைத்துச் சாய்க்கும் அமைப்பின் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். துருவும் பேரிங்கும் பெல்ட்டும் சில நாள் வேலைதான். வார்ப்பு வெடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.