உப்புக் காற்றில் ஒரு டைட்டேனியம் சைக்கிள்

கும்பகோணத்திலிருந்து விடியலுக்கு முன் புறப்பட்டு, மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரையைத் தொட்டு, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வலங்கைமான் வழியாக வீடு திரும்பினால் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் ஆகும். இந்தச் சுற்றையும் இதைவிடச் சிறிய பல சுற்றுகளையும் இரண்டு ஆண்டுகளாக ஒரு டைட்டேனியம் சைக்கிளில் ஓட்டி வருகிறேன். இதுவரை 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "இவ்வளவு பணம் போட்டு வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒவ்வொரு முறையும் டீக்கடை வாசலில் நின்று விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்த மதிப்புரை.

வாங்குவதற்கு முன் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: டைட்டேனியம் எடை குறைந்தது, டைட்டேனியம் சாலையின் அதிர்வை விழுங்கிவிடும். இரண்டுமே பொய்யல்ல, ஆனால் காவிரி டெல்டாவில் ஓட்டுபவருக்கு இரண்டுமே பெரிதாகப் பயன்படுவதில்லை. பயன்பட்டது மூன்றாவது காரணம் ஒன்று. அதை விற்பவர்கள் கடைசி வரியில்தான் சொல்கிறார்கள்.

முதலில் எடை. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டேனியத்துக்கு 4.5 கிராம். இதனால் நல்ல எஃகு ஃபிரேம் ஒன்று 2 கிலோ இருக்குமானால், அதே அளவுள்ள டைட்டேனியம் ஃபிரேமை ஒன்றரைக் கிலோவில் செய்துவிட முடிகிறது. கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ ஏறுபவருக்கு இந்த அரைக் கிலோ ஏதோ ஒரு கணக்கில் வரும். நம் பகுதியில் ஏற்றம் என்று சொல்லத்தக்கவை ஆற்றுப் பாலங்களும் ரயில்வே மேம்பாலங்களும் மட்டுமே. நானும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 88 கிலோ இருக்கும்போது அரைக் கிலோ என்பது, திருவாரூரில் நிரப்ப வேண்டிய தண்ணீர் பாட்டிலை நாகப்பட்டினத்தில் நிரப்பிக்கொள்வதற்குச் சமம். எடையைக் காரணம் காட்டி இந்தப் பகுதியில் டைட்டேனியம் வாங்குவது வீண்.

அதிர்வைப் பற்றிய பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. டைட்டேனியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழப் பாதி. ஆனால் அந்தக் குறையை ஈடுகட்டத்தான் குழாய்களைப் பருமனாகச் செய்கிறார்கள். முக்கோண வடிவில் வெல்டிங் செய்து ஒட்டிய பிறகு எந்த உலோக ஃபிரேமும் மேலும் கீழுமாக மிகக் கொஞ்சம்தான் வளைகிறது. மேலும், பெரும்பாலான டைட்டேனியம் சாலைச் சைக்கிள்களில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கார்பன் இழையால் ஆனது. ஆகவே கையில் வந்து சேரும் அதிர்வில் டைட்டேனியத்துக்குப் பங்கு குறைவு. இதைச் சோதித்துப் பார்க்க ஒரே சைக்கிளில் ஒரு வாரம் 25 மில்லிமீட்டர் டயரை 90 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துடனும், அடுத்த வாரம் 32 மில்லிமீட்டர் டயரை 55 பிஎஸ்ஐ அழுத்தத்துடனும் பூட்டி, மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் செல்லும் சாலையில் ஓட்டினேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் வேகத்தடைகளில் இரண்டாவது வாரம் மணிக்கட்டு வலிக்கவே இல்லை. ஃபிரேமுக்குப் போட்ட லட்சங்கள் தராத சுகத்தை டயருக்குப் போட்ட சில ஆயிரங்கள் தந்தன.

ஆகவே எந்த உலோகத்தை வாங்கினாலும், அந்த ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மட்கார்டு பூட்டிய பிறகும் 32 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுழல வேண்டும். என் ஃபிரேமில் மட்கார்டு இல்லாமல் 38 வரை நுழைகிறது. அரசலாற்றுக் கரையிலும் வெண்ணாற்றுக் கரையிலும் தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடங்களில் இந்த இடைவெளியின் அருமை தெரியும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் இறங்கித்தான் போக வேண்டும். அந்த ஓரத்தில் சீமைக் கருவேல முள் இருக்கும். தலைஞாயிறு தாண்டி வேதாரண்யம் பக்கம் போய்விட்டால் முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் ஒரே நாளில் நான்கு முறை பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டத் தொடங்கிய பிறகு முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே போக முடிகிறது. இங்குள்ள வெயிலில் அந்தத் திரவம் விரைவாக உலர்ந்துவிடுவதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதிதாக ஊற்ற வேண்டியிருக்கிறது.

இனி அந்த மூன்றாவது காரணம். டைட்டேனியம் ஆக்சிஜனை விடாமல் பற்றிக்கொள்ளும் உலோகம். அதன் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. இருந்தும் உலோகத்தின் விலை ஏன் இப்படி என்றால், ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிக்கவே முதலில் குளோரினும் பிறகு மக்னீசியமும் உயர்ந்த வெப்பமும் தேவைப்படுகின்றன. அதே குணம்தான் பிறகு நமக்குக் காப்பாகவும் அமைகிறது: காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, கீறல் விழுந்தாலும் உடனே மீண்டும் படர்ந்துகொள்கிறது. கடல்நீரும் உப்புக் காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை.

முன்பு நான் வைத்திருந்த எஃகு சைக்கிளின் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இருக்கையைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் வழியாக இறங்கிய தண்ணீர், மிதியின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கி, வெளியே பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே துரு தின்றுகொண்டிருந்தது. மூன்றாவது ஆண்டில் பின் குழாய் ஒன்றை விரலால் அழுத்தியபோது உள்ளே போய்விட்டது. அடுத்து வாங்கிய அலுமினியம் சைக்கிளில், வேதாரண்யம் உப்பளங்களின் ஊடாக அடிக்கடி போய்வந்ததால், போல்ட்டுகளைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. டைட்டேனியம் ஃபிரேமுக்குப் பெயிண்டே இல்லை. கோடியக்கரையிலிருந்து திரும்பிய இரவு ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிறுத்தினால் போதும். மறந்துபோய்த் துடைக்காமல் விட்ட நாட்களும் உண்டு, ஒன்றும் ஆகவில்லை. கடலோரத்தில், மழையில், வருடம் முழுவதும் ஓட்டுபவருக்கு இந்த ஒன்றுக்காகவே டைட்டேனியம் தகும்.

ஃபிரேம் துருப்பிடிக்காது என்றால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களும் தப்பும் என்று நினைத்துவிடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். சைக்கிளைப் பூட்டிக் கொடுத்த பெருநகரக் கடையில் அலுமினியம் சீட் போஸ்ட்டை எந்த மசகுப் பசையும் தடவாமல் உள்ளே இறக்கிவிட்டார்கள். டைட்டேனியமும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம். அரிபட்டது பொடியாகி உப்பி, போஸ்ட் குழாய்க்குள் இறுகிவிடும். ஒரு மழைக்காலம் கழித்து இருக்கையைத் தாழ்த்த முயன்றபோது அது அசையவில்லை. துருநீக்கும் எண்ணெயை ஐந்து நாள் விட்டு ஊறவைத்து, போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து, ஃபிரேமையே நெம்புகோல்போல் இருவர் சேர்ந்து திருப்பிய பிறகுதான் வெளியே வந்தது. கடையில் கேட்டபோது, டைட்டேனியத்துக்குப் பசை எதுவும் தேவையில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். தேவை. போல்ட்டுகளின் திருகு இழைகளுக்கும் சீட் போஸ்ட்டுக்கும் இறுகாமல் காக்கும் பசையைத் தாராளமாகத் தடவ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மீண்டும் தடவ வேண்டும். போல்ட்டும் டைட்டேனியமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனெனில் ஒரே உலோகத்து இழைகள் உலர்ந்து உரசும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கும்போது வெல்டிங்கைப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. குழாய்களுக்குப் பெரும்பாலும் 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த கலவையைப் பயன்படுத்துகிறார்கள். இதைத் தரம் 9 என்பார்கள். சக்கரம் பூட்டும் முனை போன்ற இடங்களுக்கு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கொண்ட தரம் 5 வருவதுண்டு. கலவையின் பெயரைவிட ஒட்டின் தரமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. சூடான நிலையில் இந்த உலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதால், வெளியே மட்டுமல்லாமல் குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவை நிரப்பி ஒட்ட வேண்டும். நன்றாக ஒட்டிய இடம் வெள்ளி நிறத்தில், அல்லது இளம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். நீலம் படர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். சாம்பல் பூத்து வெளுத்திருந்தால் வாங்கவே கூடாது. வெளிப்புறத்தைத் தேய்த்து மெருகேற்றிவிட முடியும் என்பதால், பாட்டம் பிராக்கெட் துளைக்குள் டார்ச் அடித்து உட்புறத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி.

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கும் பெரியவர் ஒருவர் என் சைக்கிளை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "தம்பி, ஒட்டுப்போட்ட எடத்தப் பூசி மறைக்காம அப்படியே விட்டிருக்கானே, அவ்வளவு நம்பிக்கையா அவனுக்கு?" என்று கேட்டார். நான் படித்த எந்த மதிப்புரையிலும் இந்த ஃபிரேமைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

அதே வெல்டிங் விஷயத்தில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. எஃகு ஃபிரேம் விரிசல் விட்டால் குத்தாலத்திலோ பாபநாசத்திலோ கேஸ் வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். டைட்டேனியத்தை அப்படி ஒட்ட முயன்றால் ஒட்டிய இடமே முதலில் உடையும். ஆகவே எவ்வளவு ஆண்டு உத்தரவாதம் என்பதைவிட, விரிசல் விட்டால் யார் செலவில் எங்கே அனுப்ப வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொலராடோவின் மூட்ஸ், டென்னஸியின் லின்ஸ்கி போன்ற பழம்பெயர் பெற்ற பட்டறைகளும் உண்டு. சீனாவின் டைட்டேனிய நகரமான பாவ்ஜியிலிருந்து நேரடியாக அளவு கொடுத்துச் செய்து வாங்குபவர்களும் உண்டு. என்னுடையது இரண்டாவது வகை. விலை பாதிக்கும் குறைவு; வெல்டிங்கில் குறை காணவில்லை; ஆனால் மட்கார்டு பூட்டும் துளைகளில் ஒன்றை வரைபடத்தில் இருந்தும் வைக்க மறந்துவிட்டார்கள். இன்றுவரை அந்த இடத்தில் பிளாஸ்டிக் கட்டுதான்.

பாட்டம் பிராக்கெட்டைப் பொறுத்தவரை திருகி முடுக்கும் பழைய முறையையே கேட்டு வாங்குங்கள். அழுத்திப் பொருத்தும் வகை, மழையும் மணலும் புகுந்தால் முனகத் தொடங்கும். நூறு கிலோமீட்டர் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது தண்டனை.

உட்காரும் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலைப் பகுதியில் இருப்பவர்கள் எழுதும் ஆலோசனை இங்கே பொருந்துவதில்லை. மலையில் ஏறும்போது எழுந்து மிதிக்கிறோம், இறங்கும்போது மிதிக்காமல் உடலைத் தளர்த்திக்கொள்கிறோம். டெல்டாவில் இரண்டும் இல்லை. பத்து மணி நேரம் ஒரே இருப்பில், ஒரே வேகத்தில், நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று காலையில் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது மார்பில் கைவைத்துத் தடுக்கும். குனிந்தால் காற்று குறையும், ஆனால் கழுத்து தாங்காது. ஹேண்டில்பார் இருக்கைக்குச் சமமான உயரத்தில் இருந்து, அதன் வளைந்த கீழ்ப்பிடியைப் பிடித்தாலும் முழங்கை மடங்கும் அளவுக்கு அருகில் இருக்கும்படியான ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த சிறந்த முடிவு. பந்தய வடிவத்தில் நீளமாகவும் தாழ்வாகவும் உள்ள ஃபிரேமை வாங்கிவிட்டு, கழுத்து வலியால் ஒரே ஆண்டில் விற்ற நண்பர் ஒருவர் தஞ்சாவூரில் இருக்கிறார். 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று கால வரம்பு வைக்கும், பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில், வேகம் போதாமல் தோற்பவர்களைவிட உடம்பு உட்கார மறுத்துத் தோற்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அளவைத் தீர்மானிக்க, இப்போது உங்களுக்கு வசதியாக உள்ள சைக்கிளை அளந்து அந்த எண்களைக் கொடுப்பதே போதும். அப்படி ஒரு சைக்கிள் இல்லையென்றால் டைட்டேனியத்துக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை கல்லணை வரை போய்வருபவருக்கும் இது வேண்டாம். நல்ல எஃகு ஃபிரேமும் 32 மில்லிமீட்டர் டயரும் வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை குழாய்க்குள் எண்ணெய் தெளித்தால் நெடுநாள் வரும்.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் தை மாதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு ஃபிரேம் வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. அதன்பின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டவும், இருக்கையையும் ஹேண்டில்பாரையும் ஏற்றி இறக்கிச் சரிசெய்யவும் மேலும் ஒரு மாதம். அப்படிச் செய்தால் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மட்கார்டும் மாட்டி முடித்திருக்கலாம்.