தென்னை டானிக்: கிணற்றடி மரத்துக்கு ஒன்றரை வருஷம் வேர் கட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். பின்கட்டைத் தாண்டினால் கிணற்றடி, அதை ஒட்டி இரண்டு நெட்டைத் தென்னை, இரண்டும் ஐயா கையால் வைத்தவை. கிணற்றுக்கு மேற்கே நிற்கிற மரம்தான் மூன்று வருஷமாக எங்களை வாட்டி எடுத்தது. பாளை ஒழுங்காக வெடிக்கும், குரும்பையும் (தேங்காய்ப் பிஞ்சு) பிடிக்கும், அப்புறம் நெல்லிக்காய் அளவு வருவதற்குள் உதிர ஆரம்பித்துவிடும். காலையில் கிணற்றடி கூட்டும்போது துடைப்பத்தில் பச்சைக் குரும்பையாகவே உருண்டு வரும். ஒரு நாள் மனசு கேட்காமல் எண்ணிப் பார்த்தேன், 31 இருந்தது. ஒரு குலையில் கடைசி வரை நின்றது இரண்டு காயோ மூன்று காயோதான். பால் பணியாரத்துக்குக்கூட கடையில் தேங்காய் வாங்கும்படி ஆகிவிட்டதே என்று அப்பத்தாவுக்கு ரொம்ப வருத்தம்.

டானிக்கைப் பற்றிச் சொல்லுமுன் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே தப்பை நிறைய வீடுகளில் செய்கிறார்கள். தெருவில் வந்த ஒருவர், மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றினால் ஒரே மாதத்தில் சரியாகிவிடும் என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, இடுப்பு உயரத்தில் டிரில் வைத்து நாலு விரல் ஆழத்துக்குத் துளைத்து, ஏதோ ஊற்றி, சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். என்ன மருந்து என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மா, வேம்பு மாதிரி தென்னைக்குக் காயம் மூடாது, பட்டைக்கு அடியில் புதுத் திசு வளர்த்துக் காயத்தை மூடுகிற அமைப்பே அந்த மரத்துக்குக் கிடையாது. போட்ட துளை மரம் இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். எங்கள் மரத்தில் அந்தத் துளையிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்ததைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் துளை போட யாரையும் விடாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். இந்த டானிக் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு, தென்னைக்குத் தேவையான நுண்ணூட்டங்களும் வளர்ச்சி ஊக்கியும் கலந்தது, குரும்பை உதிர்வைக் குறைப்பதற்கென்றே செய்தது. மரத்துக்கு 40 மில்லி எடுத்து 160 மில்லி தண்ணீரில் கலந்து, 200 மில்லியாக வேர் வழியாகக் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஊரில் இதை வேர் கட்டுவது என்பார்கள்.

மரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, களைக்கொத்தியால் மெதுவாக மண்ணை விலக்கினேன். கடப்பாரை போட்டு இடித்தால் நல்ல வேரெல்லாம் நைந்துவிடும். பென்சில் கனத்தில், நகத்தால் கீறினால் உள்ளே ஈரம் தெரிகிற இளம் வேராகப் பார்த்து, நுனியைக் கூரான கத்தியால் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டி, கரைசல் ஊற்றிய பாலித்தீன் பையின் அடி வரைக்கும் வெட்டு முனை முங்கும்படி விட்டு, பையின் வாயை நூலால் கட்டி, மேலே லேசாக மண்ணை மூடினேன். முதல் தடவை நான் எடுத்தது முற்றிய வேர் போலிருக்கிறது, மறுநாள் பார்த்தால் பை அப்படியே இருந்தது. ஒரு நாளில் குடிக்காவிட்டால் வேறு வேர் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வேரைச் சாயங்காலம் கட்டினேன், விடிந்து பார்க்கும்போது பை வேரோடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது, உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. மரம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து குடித்த மாதிரி இருந்தது. அப்பத்தாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

ஆனால் டானிக் மட்டும் கட்டியிருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. வேரைத் தேடித் தோண்டும்போதுதான் காரணமே தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு வீட்டில் கல்யாணம் வந்தபோது, சேறு ஆகாமல் இருக்கட்டும் என்று கிணற்றடி முழுக்கச் சிமென்ட் தளம் போட்டோம், மேற்கு மரத்தின் தூர் வரைக்கும். கிழக்கு மரத்துக்கு ஒரு பக்கம் மண் மிச்சம் இருந்ததால் அது ஓரளவு தப்பித்தது. நம்ம பக்கத்துச் செம்புறை மண் ஏற்கெனவே தண்ணீர் நிற்காத மண், அதன் மேல் தளமும் போட்டால் மரத்துக்கு மிஞ்சுவது என்ன? இன்னொரு விஷயமும் அப்போதுதான் விளங்கியது. தென்னையில் ஒரு பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதத்துக்கு முன்பே அதன் கரு உள்ளே உருவாகிவிடுகிறது. ஆகவே இன்றைக்கு மரம் படுகிற பாடு பாளையில் முழுசாகத் தெரிய வருஷங்கள் ஆகும். தளம் போட்டு மூன்று வருஷம் கழித்து மரம் நோய்ப்பட்ட மாதிரி ஆனதற்கு நாங்கள் எங்கெங்கோ காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

தளத்தை உடைத்து, இரண்டு மரத்துக்கும் 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, மரத்துக்கு 50 கிலோ தொழு உரமும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் போட்டு, மேலே காய்ந்த மட்டையை நறுக்கி மூடாக்குப் போட்டோம். யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இது வருஷத்துக்கு ஒரு மரத்தின் அளவு. அதை ஆனி ஆடியில் பாதி, மார்கழி தையில் பாதி என்று பிரித்துப் போடுகிறோம். வளவு முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலையும் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டாயிற்று. குருத்தோலையில் கத்தரியால் வெட்டியது போல வி வடிவ வெட்டுகள் இருந்தன, அது காண்டாமிருக வண்டு. அதற்கும் டானிக்குக்கும் சம்பந்தம் இல்லை. மரம் ஏறுகிறவர் இரண்டு வண்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மேல் மூன்று மட்டை இடுக்கில் மணலோடு அந்துருண்டை வைத்தார். 45 நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

பலன் என்ன என்றால், மேற்கு மரத்துக்கு இதுவரை மூன்று தடவை டானிக் கட்டியிருக்கிறேன். முதல் நாலு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை, உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஐந்தாம் மாதத்திலிருந்து கூட்டும்போது வருகிற குரும்பை குறைந்தது. இப்போது குலைக்கு எட்டு, ஒன்பது காய் நிற்கிறது. புதிதாக வருகிற மட்டைகள் நல்ல பச்சையாக, விறைப்பாக இருக்கின்றன. கிழக்கு மரத்துக்கு உரமும் பாத்தியும் மட்டும்தான், டானிக் இல்லை. அதுவும் தேறியிருக்கிறது, ஆனால் குரும்பை உதிர்வது மேற்கு மரம் அளவுக்கு நிற்கவில்லை. இரண்டே மரத்தை வைத்துச் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெடித்த பாளை நெற்றாக, அதாவது முற்றிய தேங்காயாக, 12 மாதம் ஆகிறது, ஆகவே ஒரு தடவை கட்டிவிட்டு அடுத்த மாதமே காயை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

வண்டு, வெள்ளை ஈ, தண்ணீர்ப் பஞ்சம் எதற்கும் இது மருந்து இல்லை. அதையெல்லாம் சரி செய்த மரத்துக்கு இது நல்ல துணை, அந்த அளவில் நான் தாராளமாகச் சொல்வேன், வாங்கலாம். ஒரு லிட்டர் 25 மரத்துக்கு வரும், கிணற்றடியில் ஒன்றிரண்டு மரம் வைத்திருக்கிற வீட்டுக்கு அது அதிகம். நாங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து வாங்கி, ஒரே நாளில் வீடு வீடாகப் போய்க் கட்டினோம். வருகிற ஆடிக்கு இன்னும் இரண்டு வீட்டு ஆச்சிமார் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பாத்தியை இப்போதே வெட்டச் சொல்லிவிட்டேன்.